அம்மாவின் முகத்தைச் சுவரில் ஒட்டினேன்

வாய் நீளமானவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சொன்னதைச் செய்து காட்டியாக வேண்டும். என் வாய் ரொம்பவே நீளம். அதனால்தான் என்னைப் பெற்ற அம்மாவின் முகத்தை, பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில், வந்தவர் போனவர் எல்லாரும் பார்க்க, பட்டப்பகலில் ரத்தச் சிவப்பாக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. இதை அன்றைக்கே கத்திச் சொன்னேன். யாரும் சரியாகக் கேட்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் தரப் பரிசோதனை வேலை. எட்டு மணி நேரமும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மின்பலகையில் மயிரளவு கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஓரமாகத் தள்ள வேண்டும். தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.)

எங்கள் வீடு சுங்கை பினாங்கில் ஒரு ஃபிளாட், பதினோராவது மாடி. ஒரு நாள் லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றுவிட்டது. கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டேன். படிக்க வேறெதுவும் இல்லாததால் அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தேன். 'குறைந்த செலவில் கலப்பு ஊடக ஓவியம். ஞாயிறுதோறும் இலவச வகுப்பு. முடிவில் கண்காட்சி.' கலப்பு ஊடகம் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சாயம், துணி, பழைய தாள், பொத்தான் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டி ஒரே படமாக்குவது. சின்ன வயதிலிருந்தே எனக்குப் படம் வரையப் பிடிக்கும். லிஃப்ட் ஒழுங்காக ஓடியிருந்தால் அது பிடித்ததோடு நின்றிருக்கும்.

வகுப்பு நடத்தியவர் மிஸ் ஷாமினி. நம்ம ஆள்தான், கோலாலம்பூரிலிருந்து வந்து இங்கே தங்கியவர். காதில் தோசைக்கரண்டி அகலத்துக்கு மரத் தோடு. முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். வெளிநாட்டுச் சாயம், வெளிநாட்டுத் தூரிகை, வெளிநாட்டுத் தாள். சாயம் பூசுவதற்கு முன் தாளில் பூசும் வெள்ளைப் பூச்சு ஒன்று, அதன் பெயர் ஜெஸ்ஸோ. ஒட்டுவதற்கு ஜெல் மீடியமாம். நம்ம பசைதான், கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கிறது.

நான் கையைத் தூக்கினேன். "மிஸ், நோட்டீஸ்ல குறைஞ்ச செலவுன்னு போட்டிருக்கு."

"யெஸ் மாலா. இதெல்லாம் ஸ்டூடன்ட் கிரேட்தான். ரொம்ப சீப்."

"யாருக்கு மிஸ் சீப்பு?"

வகுப்பில் இருந்த மற்ற ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களிடமும் காசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

மிஸ் ஷாமினி பொறுமையாகச் சிரித்தார். "சரி, உங்க கிட்ட என்ன மெட்டீரியல் இருக்கு?"

"எங்கம்மா குசினியில எல்லாக் கலரும் இருக்கு மிஸ். உங்க லிஸ்ட்ல ஒண்ணுகூட வாங்காம நான் படம் பண்ணிக் காட்டுறேன். கண்காட்சியில வைப்பீங்களா?"

"பண்ணுங்க, வெப்போம்," என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் வாயை நானே திட்டிக்கொண்டு போனேன். பிறகு ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

பீட்ரூட்டைப் பிழிந்து பூசினேன். முதல் நாள் பட்டுச்சேலை நிறம், மூன்றாம் நாள் சேற்று நிறம். மிளகாய்த்தூளைத் தூவி ஒட்டினேன். படத்தைப் பார்க்க வந்தவர்கள் தும்மிவிட்டுப் போனார்கள். சீனியும் பாலும் கலந்து வரும் பாக்கெட் காப்பியைக் கரைத்து அப்பாவின் முகத்தை வரைந்தேன். அசல் அப்பா மாதிரியே வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் எறும்புகள் அப்பாவின் இடது காதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அப்பா தன் காதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசியில் மஞ்சள்தூள் கைகொடுத்தது. மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அதில் மஞ்சள்தூளைக் கரைத்தால் எப்பேர்ப்பட்ட மஞ்சள் தெரியுமா! எந்த வெளிநாட்டு டப்பாவிலும் அந்த நிறம் கிடையாது. அதைப் பார்த்ததும் என்ன வரைவது என்பதும் தெரிந்துவிட்டது. அம்மா.

என் அம்மா இன்றைக்கும் முகத்துக்கு மஞ்சள் பூசித்தான் குளிப்பார். சுங்கை பாக்காப்பில் இருக்கும் சின்னம்மாவுக்கு இது பெரிய கேலி. சின்னம்மா முகக் கிரீம் விற்கிறவர். வரும்போதெல்லாம் அம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஏன்க்கா இன்னும் அம்மன் சிலை மாதிரி இருக்கே? காலம் மாறிடுச்சு லா," என்பார். அம்மா பதில் பேச மாட்டார். அம்மாவுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். இந்த முறை படத்தாலேயே பேசிவிடலாம் என்று நினைத்தேன். மஞ்சள் பூசிய முகத்தை மஞ்சளாலேயே வரைந்து நடுச்சுவரில் வைத்தால் சின்னம்மா வாயை மூடத்தானே வேண்டும்?

தாளுக்கு மாஜோங் பேப்பர். பள்ளிக்கூடத்தில் குழு வேலை எழுதி ஒட்டுவோமே, அந்தப் பெரிய மெல்லிய வெள்ளைத் தாள்தான். மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். பொட்டுக்குக் குங்குமம். கண்ணுக்கும் புருவத்துக்கும் பாலில்லாத கறுப்புக் காப்பி. (எறும்புப் பாடம் படித்தாகிவிட்டது.) நரைத்த முடிக்குப் பழைய தமிழ்ப் பத்திரிகையைக் கீற்றுக்கீற்றாகக் கிழித்து ஒட்டினேன். தோளில் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. கேட்காமல்தான் வெட்டினேன். மூன்று வாரம் ஆனது. முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, "மூக்கு பெருசா இருக்கு," என்றார். அன்று சாயந்திரமே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கண்காட்சிக்கு வரச் சொன்னதும் அவர்தான்.

சனிக்கிழமை காலை படத்தைச் சுருட்டிக்கொண்டு கண்காட்சி நடக்கும் கடைவீட்டுக்குப் போனேன். மற்றவர்கள் எல்லாரும் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் கம்பியில் மாட்டினார்கள். என் படத்துக்குச் சட்டம் இல்லை.

"மாலா, சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க," என்றார் மிஸ் ஷாமினி. "இது ஹெரிட்டேஜ் பில்டிங். சாதா பெயின்ட்கூட அடிக்க முடியாது. சுண்ணாம்புதான் அடிக்கணும். நேத்துத்தான் அடிச்சு முடிச்சோம்."

சுண்ணாம்பு. அந்தச் சொல்லை என் இரண்டு காதாலும் கேட்டேன். மண்டைக்குள் ஒன்றும் அசையவில்லை. எனக்குக் கேட்டது 'ஆணி அடிக்காதே' மட்டும்தான்.

ஆணி அடிக்கவில்லை. ஒரு வாளி மைதா பசையைக் காய்ச்சிக்கொண்டு வந்திருந்தேன். அதைச் சுவரில் தாராளமாகத் தடவி, படத்தின் முதுகிலும் தடவி, தேர்தல் சுவரொட்டி ஒட்டுகிறவன் மாதிரி அம்மாவை நச்சென்று ஒட்டினேன். சுண்ணாம்படித்த மலாய்க்காரர் பாக் மாட் அப்போது மூலையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பெலும் கெரிங் லா," என்றார். (இன்னும் காயவில்லையாம்.) பசையும்தான் காயவில்லை, இரண்டும் சேர்ந்து காயட்டும் என்று அவருக்குப் பதில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவின் கழுத்து கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிந்தது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். ஒரு மணிக்கு இரண்டு காதும் ஆரஞ்சு. விளக்கை அணைத்தேன். அம்மா அணையவில்லை. இரண்டு மணிக்குத் தாடை செங்கல் நிறம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்சமிருந்த மஞ்சள் கஞ்சியை எடுத்து மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். பத்து நிமிஷம் பளபளவென்று இருந்தது. பிறகு அதுவும் சிவந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். இன்னும் சிவந்தது. ஈரம் பட்டால் சிவக்கிறது என்று கண்டுபிடித்து, காகித விசிறியால் ஒரு மணி நேரம் விசிறினேன். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டதுபோலவும் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதுபோலவும் இருந்திருக்கும். மயிரளவு கீறலைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு கை தூரத்தில் இருந்த சுவரைச் சந்தேகப்படவில்லை. கடைக்காரன் மஞ்சள்தூளில் என்னத்தையோ கலந்துவிட்டான் என்று அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் ரத்தச் சிவப்பு. வாசலில் வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தது தம்பி தினேஷ். அப்பா, அம்மா, சின்னம்மா, சுங்கை பாக்காப் சொந்தம் ஆறு பேர், எல்லாரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு இறங்கினார்கள்.

படத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் சின்னம்மா. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, படத்தின் தலைமுடிக்குள் மூக்கை நீட்டிப் படித்தார். "மீளாத் துயரில் வாடும் மனைவி, மக்கள், மருமக்கள்... அக்கா, உன் தலையில யாரோ செத்துட்டாங்க."

நரைமுடிக்கு நான் கிழித்தது மரண அறிவித்தல் பக்கம். பார்க்கவே இல்லை.

"மூஞ்சி ஏன் இப்படி வெந்து போச்சு?" என்றார் சின்னம்மா. "என் கிரீம் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது லா."

தினேஷ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினான். அப்பா, பாவம், கையில் ஒரு கறிபாப்பை வைத்துக்கொண்டு, கடிக்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

அப்போதுதான் மிஸ் ஷாமினி ஒரு தாடிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோலாலம்பூரில் பெரிய கண்காட்சி வைக்கிறவர். எங்கள் பத்துப் பேரில் ஒருத்தர் படத்தை மட்டும் அங்கே கொண்டுபோவார் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும் என்று மூன்று வாரமாக ஆசைப்பட்டேன். ரொம்ப ஆசைப்பட்டேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, ஒரு தரம், ஒரே ஒரு தரம், நான் செய்ததை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வாய்.

தாடிக்காரர் என் படத்தின் முன் நின்றார். நகரவே இல்லை. பிறகு மெதுவாக, மேடையில் பேசுகிறவர் மாதிரி சொன்னார்: "அடிபட்ட பெண்ணின் முகம். வீட்டுக்குள்ளே நடக்கிற வன்முறை. தலைமுடியில் மரணச் செய்தி. எவ்வளவு துணிச்சல்! யார் இந்தப் பெண்?"

"எங்கம்மா," என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தார். சின்னம்மாவும் அப்பாவைப் பார்த்தார். சுங்கை பாக்காப் சொந்தம் ஆறு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நாற்காலியில் பூனை படுத்திருந்தால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மா சத்தம் போட்டால் குடையை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவார், மழை இல்லாவிட்டாலும்.

மிஸ் ஷாமினி என் காதருகே குனிந்தார். "மாலா, ஜஸ்ட் யெஸ்னு சொல்லுங்க. அவருக்குப் பிடிச்சிருக்கு. உங்களைத்தான் எடுப்பாரு."

நான் ஐந்து விநாடி பேசாமல் இருந்தேன். இந்தக் கதையில் நான் வெட்கப்படுவது அந்த ஐந்து விநாடிக்கு மட்டும்தான். படம் சிவந்ததற்கு வெட்கமில்லை, செத்தவர் பெயரை அம்மா தலையில் ஒட்டியதற்குக்கூட இல்லை. அந்த ஐந்து விநாடியில் அப்பா கறிபாப்பைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஏதோ நிஜமாகவே செய்துவிட்டவர் மாதிரி.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்!

"யாரும் அடிக்கல சார்!" மாடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "எங்கப்பா கொசுவைக்கூட 'போ லா'ன்னு சொல்லித்தான் விரட்டுவாரு! காலையில இந்த மூஞ்சி மஞ்சளா இருந்துச்சு. மத்தியானம் தானா செவந்துச்சு. ஏன்னு எனக்குத் தெரியாது!"

"தெரியாமலே உள்மனம் பேசியிருக்கிறது," என்றார் தாடிக்காரர். விட மாட்டேன் என்கிறார்.

அதுவரை வாயைத் திறக்காத அம்மா முன்னால் போனார். படத்தைத் தொடவில்லை. பக்கத்துச் சுவரை ஒற்றை விரலால் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, இது சுண்ணாம்புடி."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஃபிளாட்டில் கல்யாணமா, பிள்ளை பிறந்ததா, புதுக் கார் வந்ததா, ஆரத்தி கரைக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். தட்டில் தண்ணீர், அதில் மஞ்சள், ஒரு விரல் சுண்ணாம்பு. கண் முன்னாலேயே சிவக்கும். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"எத்தனை ஆரத்தி கரைச்சிருக்கேன்! பக்கத்துல உக்காந்து லட்டுத் தின்னியே, கண்ணை எங்கடி வெச்சிருந்தே?" என்றார் அம்மா. "என் மூஞ்சியையே ஆரத்தித் தட்டு ஆக்கிட்டியே!"

சின்னம்மா சிரித்தார். ஆறு சொந்தமும் சிரித்தது. தினேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். பாக் மாட்டுக்கு யாரோ மலாயில் சொல்ல, அவரும் சிரித்தார். அவருக்குச் சிரிக்க முழு உரிமை உண்டு.

தாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் பளிச்சென்றது. "ஆரத்தி! அருமை. அப்படியே எழுதிவிடலாமே. சுவரையும் மஞ்சளையும் நீங்கள் திட்டமிட்டுச் சேர்த்தீர்கள் என்று."

"திட்டம் இல்ல சார். தப்பு. நான் கவனிக்கல."

"அதை யார் கேட்கப் போகிறார்கள்?"

"நான் கேட்பேன் சார். தப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். மழையில் நிற்கும் ஒரு ரிக்‌ஷா. பட்டியலில் இருந்த எல்லாச் சாமானும் அதில் இருந்தது. அதைத்தான் எடுத்தார். எடுக்கட்டும்.

மிஸ் ஷாமினிக்கு என் மேல் கோபம். படத்தை எடுத்துவிடச் சொன்னார். நானும் முனையைப் பிடித்து இழுத்தேன். விரலளவு தாளோடு உள்ளங்கையளவு சுண்ணாம்பும் உரிந்து வந்தது. "ஜாங்ஙான்! ஜாங்ஙான்!" (வேண்டாம், வேண்டாம்) என்று பாக் மாட் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். ஆக, கண்காட்சி முடியும்வரை மூன்று வாரமும் அம்மா அங்கேயே இருந்தார், நடுச்சுவரில். சட்டம் போட்ட ஒன்பது படமும் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லையென்று யார் சொன்னது?

கிளம்பும்போது அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சுவிட்டா மறுபடி மஞ்சளாயிடும்டி. கடையில வாங்கிட்டு வரட்டுமா?"

"வேணாம்மா. இருக்கட்டும்."

அம்மா இன்னொரு தரம் படத்தைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். மூக்கு நல்லாத்தான் வந்திருக்கு."

படத்துக்குக் கீழே 'பொருட்கள்' என்று அச்சடித்த சின்ன அட்டை ஒன்று காலியாக இருந்தது. பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'மஞ்சள், மைதா, குங்குமம், காப்பி, மாஜோங் பேப்பர், அம்மாவின் சேலை, யாரோ ஒருவரின் மரணம். சுண்ணாம்பு தெரியாமல் சேர்ந்தது. அப்பா அடிக்கவில்லை.' மற்ற அட்டைகளை யார் படித்தார்களோ தெரியாது. இதை எல்லாரும் படித்தார்கள்.

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. இன்றைக்கும் மஞ்சள்தூளைக் கிலோ கணக்கில் வாங்குகிறேன். மளிகைக் கடை அண்ணன், "எத்தனை பேருக்குச் சமையல் தங்கச்சி?" என்று கேட்கிறார். சமையல் இல்லை, படம் என்கிறேன். இப்போது சுண்ணாம்பும் வாங்குகிறேன். எங்கே சிவக்க வேண்டும் என்று நான் முடிவு செய்கிறேன். ஜெஸ்ஸோவை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

வீட்டில் மட்டும் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. அடுப்படி வெக்கையில் அம்மாவின் முகம் கொஞ்சம் சிவந்தால் போதும், "அப்பா, ஓடிருங்க, தாடிக்காரர் வர்றாரு!" என்று தினேஷ் கத்துவான். அப்பா குடையைத் தேடுவார்.

இன்னொன்றும் உண்டு. அன்றிலிருந்து யார் கேமராவைத் தூக்கினாலும், அம்மா பக்கத்தில் நின்றால், அப்பா இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி விரல்களை விரித்துக் காட்டுவார். நான் தொடவே இல்லை என்று. பிறந்தநாள் படம், தீபாவளிப் படம், எல்லாவற்றிலும் அப்படித்தான். என் கல்யாணத்தில் படம் பிடித்தவர் எத்தனையோ கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. வாசலில் மாப்பிள்ளையும் நானும். எங்களுக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடு அம்மா, முகத்தில் மஞ்சள், கையில் சிவப்பு. பக்கத்தில் போலீஸ் பிடித்த ஆள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு அப்பா. பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சின்னம்மா.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி என் வீட்டு வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். பசை போட்டு ஒட்டவில்லை. ஆணி அடித்துத்தான் மாட்டினேன்.